மோட்டார் யாருடைய கைபேசியில் ஓடுகிறது? சென்னைப் புறநகர்க் குடும்பம் ஒன்றில் சொட்டு நீர்ப் பாசனம்: ஒரு நிகழ்வு ஆய்வு

வேளாண் கருவி ஒன்றை ஒரு குடும்பம் ஏற்றுக்கொண்டதா இல்லையா என்பதை அலுவலகப் பதிவேடு ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறது. மானியம் வழங்கப்பட்டது, கருவி பொருத்தப்பட்டது, பயனாளி கையொப்பமிட்டார் என்பதோடு கோப்பு மூடப்படுகிறது. அந்த ஒரு வரிக்குள் எத்தனை முடிவுகள் அடங்கியிருக்கின்றன, அவற்றுள் எவற்றை வீட்டு ஆண்கள் எடுத்தார்கள், எவற்றின் சுமை பெண்களின் தலையில் இறங்கியது என்பதைச் சோழவரம் ஒன்றியத்தில் சொட்டு நீர்ப் பாசனக் குழாய் பொருத்திய ஒரு குடும்பத்தை முன்வைத்து விளக்குவதே இந்த ஆய்வின் நோக்கம். குடும்பத்தினரின் பெயரும் ஊரின் பெயரும் இதில் இடம்பெறவில்லை. உறவுமுறையைக் கொண்டே ஒவ்வொருவரும் குறிக்கப்படுகின்றனர்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டில் பெண்களை யாரும் அடக்கவில்லை. அவர்களைக் கேட்காமலும் எதுவும் நடக்கவில்லை. “எல்லோரும் சேர்ந்துதான் முடிவு பண்ணோம்” என்று கணவரும் மனைவியும் தனித்தனியே சொன்னார்கள், இருவரும் உண்மையாகவே சொன்னார்கள். ஆனால் அந்தச் சேர்ந்த முடிவு, வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு மட்டுமே பதிலாக அமைந்தது. எந்தப் பயிருக்கு, யார் பெயரில், யார் எண்ணில், யார் பராமரிப்பில், யார் கைக்கு வரும் பணத்தை மாற்றி என்ற கேள்விகள் பெண்கள் இல்லாத இடத்தில் தாமாகவே தீர்ந்துபோயின. கருவியின் பிற்கால வாழ்வைத் தீர்மானித்தவை அந்தக் கேள்விகளே.

களம்

சென்னை என்றதும் எவருக்கும் வயல் நினைவுக்கு வருவதில்லை. எனினும் 1,189 சதுர கிலோமீட்டர் பரப்புடைய சென்னைப் பெருநகரப் பகுதி சோழவரம், புழல், மீஞ்சூர் ஆகிய வட பகுதிகளையும் உள்ளடக்கியது. 2022 அக்டோபரில் அந்த எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கி அரசாணை வந்தது. வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் வெளிவட்டச் சாலையின் வடபகுதியில் நெல், கத்தரி, வெண்டை, கீரை முதலியன இன்னும் பயிராகின்றன. அவற்றை ஒட்டியே சரக்குக் கிடங்குகளும் கன்டெய்னர் முனையங்களும் புதிய மனைப்பிரிவுகளும் எழுந்துள்ளன. இந்த நெருக்கம் ஆண்களை மாதச் சம்பள வேலைக்கு இழுத்துக்கொண்டது. வயல் பெண்களிடம் வந்து சேர்ந்தது; பட்டா வந்து சேரவில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவின் சாகுபடி அலகுகளில் பெண்கள் நடத்துவதாகப் பதிவானவை சுமார் 14 சதவீதம் மட்டுமே. நாற்று நடும் வயலையும் களை பறிக்கும் பாத்தியையும் ஒருமுறை பார்த்தவர்களுக்கு அந்த எண் எவ்வளவு குறைவானது என்பது புரியும்.

தண்ணீரைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆரணி ஆறு, கொசஸ்தலை ஆறு ஆகியவற்றின் படுகையில் அமைந்த மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்றுத் தொகுதிகளிலிருந்து பல பத்தாண்டுகளாகச் சென்னையின் குடிநீருக்கும் தொழிற்சாலைகளுக்கும் நிலத்தடி நீர் எடுக்கப்பட்டு வந்துள்ளது. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்தது அதன் விளைவுகளுள் ஒன்று. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 1987-லேயே சென்னைப் பெருநகரப் பகுதிக்கென்று தனிச் சட்டம் இயற்றப்பட்டது. கிணற்று நீரின் தன்மை ஊருக்கு ஊர், சில இடங்களில் வயலுக்கு வயல் மாறுகின்ற இந்த நிலப்பரப்பில், பாசனக் கருவியைப் பற்றிய எந்தப் பேச்சும் நீரின் தன்மையிலிருந்தே தொடங்க வேண்டும். இந்த வீட்டில் அந்தப் பேச்சைத் தொடங்கியவர் மாமியார். அவர் சொன்னதை யாரும் தொழில்நுட்பக் கருத்தாக எடுத்துக்கொள்ளவில்லை.

குடும்பமும் நிலமும்

வீட்டில் ஆறு பேர். மாமனார், மாமியார், அவர்களுடைய மகன், மருமகள், பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். மாமனாருக்குத் திருமணமாகிச் சென்ற இரண்டு மகள்களும் உண்டு. நிலம் 1 ஏக்கர் 60 சென்ட். பட்டாவும் இலவச மின் இணைப்பும் மாமனார் பெயரில் உள்ளன. முழங்கால் வலியால் அவர் வயலுக்குச் செல்வதைக் குறைத்துக்கொண்டுவிட்டார். மகன் ஒரு சரக்குக் கிடங்கில் ஷிப்ட் முறையில் மேற்பார்வையாளராகப் பணிபுரிகிறார். ஆகவே விதைப்பு முதல் அறுவடை வரை வயலின் அன்றாடப் பொறுப்பு முழுவதும் மருமகளுடையது. அவர் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவர். ஊரிலுள்ள மகளிர் சுய உதவிக் குழுவில் உறுப்பினர்.

சம்பாவுக்கு ஒரு பகுதியில் நெல், மற்றப் பகுதியில் கத்தரி, வெண்டை, மிளகாய், 30 சென்ட் அளவில் முளைக்கீரையும் அரைக்கீரையும் என்பதே சொட்டு நீர்க் குழாய் வருவதற்கு முந்தைய அமைப்பு. இந்தப் பயிர்களுக்குள் ஒரு பங்கீடு இருந்தது. காய்கறி கோயம்பேட்டுக்குச் செல்லும். கமிஷன் மண்டிச் சீட்டும் பணமும் கணவர் கைக்கு வரும். உரக்கடைப் பாக்கி, வண்டிக் கடன், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஆகியவை அதிலிருந்து போகும். கீரைக் கட்டுகளை விடியற்காலையில் கூடைக்கார அம்மாக்கள் வயலுக்கே வந்து வாங்கிச் செல்வார்கள். அந்தச் சில்லறைப் பணம் மருமகள் கையில் சேரும். குழுச் சேமிப்பு, மளிகை, பிள்ளைகளின் கைச்செலவு, பிறந்த வீட்டு விசேஷத்துக்கான மொய் எல்லாம் அதிலிருந்தே. இதை யாரும் விதியாக வகுக்கவில்லை. ஆனாலும் கீரைப் பணத்துக்குக் கணவரோ மாமனாரோ ஒருநாளும் கணக்குக் கேட்டதில்லை. தன் விருப்பப்படி செலவிடக் கூடிய ஒரே வருமானம் ஒரு பெண்ணுக்கு எந்தப் பாத்தியிலிருந்து வருகிறது என்பதை, புதிய கருவியைக் கொண்டுவருபவர் முதலில் விசாரித்து அறிய வேண்டும். இங்கே அப்படி யாரும் விசாரிக்கவில்லை.

முடிவு எடுக்கப்பட்ட விதம்

தமிழ்நாட்டில் நுண்ணீர்ப் பாசனக் கருவிகளுக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. சிட்டா, அடங்கல், புல வரைபடம், ஆதார், வட்டாட்சியர் தரும் சிறு, குறு விவசாயி சான்று ஆகியவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். இவை யாவும் நில உரிமையாளரின் பெயரில் அமைகின்றன. ஆகவே விண்ணப்பதாரர் மாமனார். தொடர்பு எண் மகனுடையது. குழாய் நிறுவனத்தின் களப் பிரதிநிதி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். மகனுக்கு அன்றுதான் விடுமுறை. நிலத்தை அளந்து, கிணறு இருக்கும் இடத்தைக் குறித்து, பயிர் என்ற கட்டத்தில் காய்கறி என்று எழுதினார். ஆண்கள் மூவரும் வரப்பில் நின்று அதைப் பேசி முடித்தார்கள்.

மருமகள் அப்போது கேட்டது ஒரே கேள்வி: “ஏங்க, கீரைப் பாத்திக்கு இது எப்படிங்க வரும்? நாம தூவித்தானே விதைக்கிறோம்?” கணவர் சொன்ன பதில்: “மொதல்ல வரட்டும், அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.” மாமியார் சொன்னது இன்னொன்று: “இந்தத் தண்ணி குடத்துலயே வெள்ளையா படியுது. ஊசித் தொளையில எப்படிப்பா போவும்?” அவருக்குப் பதில் சொல்ல யாரும் முற்படவில்லை. வயதானவர்கள் புதியதைக் கண்டால் தயங்குவார்கள் என்ற பொதுக் கருத்து அந்தக் கேள்வியை விழுங்கிவிட்டது.

இவ்விரண்டு கேள்விகளும் பாசனப் பொறியியல் பாடத்திலேயே முதலில் வர வேண்டியவை. பாத்தியில் தூவி விதைக்கும் நெருக்கமான கீரைக்கு, வரிசைப் பயிருக்கென்று இடைவெளிவிட்டுப் போடப்படும் சொட்டுவான்கள், அதாவது குழாயில் நீர் சொட்டும் சிறு துளை அமைப்புகள், சீராக நீர் தருவதில்லை. நுண் தெளிப்பான் அதற்குப் பொருத்தம், மானியத் திட்டத்திலும் அதற்கு இடம் உண்டு. கடினத்தன்மை மிகுந்த நீரில் கால்சியம் கார்பனேட் படிந்து சொட்டுவான் அடைபடுகிறது. வடிகட்டியை முறையாகக் கழுவுவது, பக்கக் குழாய்களின் முனை மூடியைத் திறந்து அழுக்கை வெளியேற்றுவது, குறிப்பிட்ட கால இடைவெளியில் அமிலச் சுத்திகரிப்புச் செய்வது ஆகியவை இல்லாமல் அங்கே குழாய் ஒரு கோடையைத் தாண்டாது. இரண்டையும் அன்றே கணக்கில் எடுத்திருந்தால் வரைபடமே வேறாக அமைந்திருக்கும். ஒருமுறை மானியம் பெற்ற நிலத்துக்கு மறுபடியும் அதைப் பெற 7 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும் என்பதால், வரப்பில் நின்று எழுதிய அந்த ஒற்றைச் சொல் 7 ஆண்டுகளுக்கான திட்டமாகிவிட்டது.

கணவர் தம் பங்குக்குச் சொந்தப் பணத்தில், கைபேசி மூலம் தொலைவிலிருந்தே மோட்டாரை ஓட்ட உதவும் செல்போன் ஸ்டார்ட்டர் ஒன்றும் வாங்கிப் பொருத்தினார். மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாட்களில் மனைவி தனியாகக் கிணற்றடிக்குப் போக வேண்டியிருப்பது அவரை உறுத்திக்கொண்டிருந்தது. “நீ ராத்திரில போவாத, நான் கம்பெனியிலேர்ந்தே போட்டு விட்டுடறேன்” என்று அவர் சொன்னதில் அக்கறை மட்டுமே இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. கருவியில் பதிவான எண் அவருடையது ஒன்றுதான்.

கோடையில் நடந்தது

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது உண்மை. மடை திருப்பும் வேலை நின்றது. நீர் செடியின் தூரில் மட்டும் இறங்கியதால் வரிசைகளுக்கு இடையே களை குறைந்தது. குனிந்தே களை எடுத்துப் பழகிய மருமகளின் இடுப்பு வலி அந்தப் பருவத்தில் தணிந்தது. அவரே இதை இரண்டு மூன்று முறை என்னிடம் சொன்னார். வெண்டையின் காய்ப்பும் நன்றாக இருந்தது.

பிறகு இடர்கள் ஒவ்வொன்றாக வந்தன. கணவரின் கிடங்கில் வேலை நேரத்தில் கைபேசியை வாயிலிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். காலை மின்சாரம் வரும் நேரத்தில் அவர் உள்ளே இருப்பார். மருமகள் மோட்டாரின் பக்கத்திலேயே நிற்பார், ஆனால் ஓட்ட முடியாது. கருவியைத் தானியங்கி நிலையிலிருந்து மாற்றக் கூடாது, மாற்றினால் சர்க்யூட் கெட்டுவிடும் என்று பொருத்த வந்தவர் கணவரிடம் சொல்லிச் சென்றிருந்தார். கணவர் அதை வீட்டில் சொல்லியிருந்தார். இதற்கு முன் எந்த நேரத்திலும் பச்சைப் பொத்தானை அழுத்தித் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒரு பெண், புதிய தொழில்நுட்பம் வந்த பிறகு தம் வயலுக்கு நீர் விடுவதற்குப் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒருவரின் உணவு இடைவேளைக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. இந்த நிகழ்வில் என்னை மிகவும் வருத்திய பகுதி இதுவே. யாரும் பறிக்க எண்ணாமலே அவர் கையிலிருந்த ஓர் அதிகாரம் கைமாறிவிட்டது.

பராமரிப்புப் பயிற்சியும் அப்படியே. வடிகட்டியைத் திறந்து கழுவுவது, அழுத்தமானியைப் பார்ப்பது, வெஞ்சுரி என்ற உறிஞ்சு குழாய் வழியாகப் பாசன நீரில் உரம் கலப்பது எல்லாவற்றையும் பொருத்தியவர் விளக்கிக் காட்டியது மாமனாரிடமும் மகனிடமும். ஒருவர் வயலுக்கு வருவதில்லை, மற்றவர் வாரத்தில் ஆறு நாள் அங்கே இருப்பதில்லை. சித்திரை முடிவதற்குள் வால் பகுதியில் இருந்த குழாய்களில் சொட்டுவான்கள் வெள்ளை பூத்து அடைத்துக்கொண்டன. மருமகள் தமக்குத் தெரிந்த வழியில் அவற்றைச் சமாளித்தார்: அடைத்த இடத்தில் ஊசியால் துளையைப் பெரிதாக்கினார், அதனால் அங்கே நீர் பீய்ச்சியடித்து அழுத்தம் குறைய, கடைசி வரிசைகள் மேலும் வாடின. பிறகு அந்த வரிசைகளின் குழாயைச் சுருட்டி வரப்பில் வைத்துவிட்டுப் பழையபடி வாய்க்கால் வெட்டினார்.

ஆய்வுக்கு வரும் அலுவலர் ஒருவர் இந்தக் காட்சியைப் பார்த்தால், பயனாளி கருவியைக் கைவிட்டார், விழிப்புணர்வு போதவில்லை என்று எழுதுவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை; படிவத்தில் அதற்குத்தான் இடம் இருக்கிறது. ஆனால் நடந்தது அறியாமையால் அன்று. கருவியை ஏற்பது என்ற முடிவு ஆண்களிடம் இருந்ததுபோல், அதை நிறுத்துவது என்ற முடிவு அதை அன்றாடம் இயக்குபவரிடம் இருந்தது. வாடும் செடியையும் கையிலுள்ள வழிகளையும் எடைபோட்டு, யாரிடமும் அறிவிக்காமல் அவர் அதை எடுத்தார். தொழில்நுட்பம் நிலைக்காமல் போவதைப் பற்றிப் பேசும்போது, அறிவிக்கப்படாத இத்தகைய முடிவுகளைத் தேடிச் சென்று கேட்பதே முதற்கடமை என்று நினைக்கிறேன்.

கீரைக்கு நேர்ந்தது இன்னும் மெதுவாகவும் ஆழமாகவும் நேர்ந்தது. பிரதானக் குழாயும் பக்கக் குழாய்களும் புல எண் முழுவதற்கும் போடப்பட்டதால் 30 சென்ட் கீரைப் பாத்தி 8 சென்ட்டாகச் சுருங்கியது. மிச்ச இடத்தில் கத்தரி வந்தது. குடும்பத்தின் மொத்த வருமானம் குறையவில்லை, சற்றே கூடியது என்றே கணவர் கணக்குச் சொல்கிறார். அதை மறுக்க என்னிடம் காரணம் இல்லை. ஆனால் கீரைப் பணம் கத்தரிப் பணமாக மாறியபோது அது கையும் மாறியது. மருமகள் குழுச் சேமிப்புக்கும் தவணைக்கும் கணவரிடம் கேட்டு வாங்க வேண்டிய நிலைக்கு வந்தார். அவரும் மறுக்காமல் கொடுத்தார். “குடுக்கறாருங்க, கேக்கணும்ல” என்று மருமகள் சொன்னதற்கு மேல் இதை விளக்க வேண்டியதில்லை.

“சேர்ந்து முடிவெடுத்தோம்” என்ற பதில்

வேளாண் குடும்பங்களில் பாலின நிலையை அளக்க 2012-இல் உருவான பெண்கள் வேளாண் அதிகாரக் குறியீடு, உற்பத்தி முடிவு, வளங்கள், வருமானம், தலைமை, நேரம் என ஐந்து தளங்களைத் தனித்தனியே பார்க்கிறது. இந்த வீட்டை அந்த ஐந்தின் வழியாகப் பார்க்கும்போதுதான் நடந்தது தெளிகிறது. உற்பத்தி முடிவில் மருமகளுக்குப் பங்கு இருந்தது என்றே பதிவாகும். வேலை நேரத்தில் அவருக்கு ஆதாயமும் கிடைத்தது. வளத்தின் மீதான பிடியிலும் வருமானத்தின் மீதான பிடியிலும் அவர் இழந்தார். ஒரே கருவி ஒரே பெண்ணுக்கு ஒரு தளத்தில் ஏற்றத்தையும் இன்னொன்றில் இறக்கத்தையும் தர முடியும் என்பதால், தொழில்நுட்பம் பெண்களுக்கு நன்மையா தீமையா என்று மொத்தமாகக் கேட்பதில் பயன் இல்லை.

கேட்கும் முறையிலும் ஒரு பாடம் உண்டு. கணவனையும் மனைவியையும் சேர்த்து உட்காரவைத்துக் கேட்டபோது, கீரைப் பாத்தியைப் பற்றிய பேச்சே எழவில்லை. தனியே கேட்டபோதும் மருமகள் முதலில் அதைச் சொல்லவில்லை. குழுச் சேமிப்பு எதிலிருந்து கட்டுகிறீர்கள் என்ற கேள்விக்குத்தான் அது வெளியே வந்தது. யார் முடிவெடுக்கிறார் என்று நேராகக் கேட்பதைவிட, பணம் எந்த வழியில் வந்து எந்த வழியில் போகிறது, காலையில் முதலில் மோட்டாரைத் தொடுவது யார் என்று கேட்பது அதிகம் சொல்கிறது.

அண்டை வயல்களில் வேறு கருவிகளோடும் இதே கணக்கு வேறு வடிவில் நடந்துகொண்டிருக்கிறது. செம்மை நெல் சாகுபடியில் 14 நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக 25-க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டு, கோனோ கருவியை உருட்டிக் களை எடுக்கிறார்கள். கையால் பறித்தவரை பெண்கள் வேலையாக இருந்த களையெடுப்பு, கருவி வந்தவுடன் பல இடங்களில் ஆண்கள் வேலையாகவும் ஆண் கூலியாகவும் மாறியது. நடவு இயந்திரம் நாற்று நடும் பெண்களின் கூலி நாட்களையே எடுத்துக்கொள்கிறது. நேர்மாறான முயற்சியாக, 2023 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ட்ரோன் சகோதரி திட்டம் 15,000 மகளிர் குழுக்களுக்கு 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை மானியத்தில் ட்ரோன் தருவதாக அமைந்தது. கருவியை நேராகப் பெண்களின் குழுவுக்குத் தருவது சரியான திசை. ஆனால் ட்ரோன் இயக்கும் சான்றிதழுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி தேவை என்பதால், வயலில் அதிக ஆண்டுகள் உழைத்த மூத்த பெண்கள் பலர் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

முன்பு நடந்தவை

இதற்கெல்லாம் முன்னோடி தமிழ்நாட்டிலேயே உண்டு. 1986-இல் டென்மார்க் அரசின் உதவியோடு தொடங்கிய தான்வா திட்டத்தில், பெண் வேளாண் அலுவலர்கள் சிறு, குறு விவசாயக் குடும்பப் பெண்களுக்கு நேராகப் பயிற்சி அளித்தார்கள். பயிற்சி பெற்றவர் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டும். பட்டா யார் பெயரில் என்று பார்க்காமல் வேலை செய்பவரிடம் அறிவைக் கொண்டுசேர்த்ததே அதன் சிறப்பு. அந்த எளிய எண்ணம் இன்றைய மானியப் படிவங்களுக்குள் வரவில்லை. மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது எம்.எஸ். சுவாமிநாதன் பெண் விவசாயிகள் உரிமை மசோதாவைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். தரமணியில் தம் பெயரிலான ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவி நெடுங்காலம் வழிநடத்தியவரின் அந்த முயற்சி, 2013-இல் அவர் பதவிக்காலம் முடிந்ததோடு காலாவதியானது. நிலம் வைத்திராத பெண்ணையும் விவசாயியாகச் சான்றளித்து, கடனும் நீரும் கருவியும் பெற வழிசெய்வது அதன் அடிப்படை. இந்த மருமகளுக்குத் தேவைப்பட்டது சரியாக அதுதான்.

பட்டாவை மாற்றினால் போதுமே என்று பலர் எளிதாகச் சொல்கிறார்கள். இந்த வீட்டில் அது எளிதன்று, எளிதாகவும் இருக்கக் கூடாது. 1989-இல் தமிழ்நாடு செய்த இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தமும் 2005-இல் வந்த மத்தியத் திருத்தமும் மகள்களுக்குப் பூர்விகச் சொத்தில் சம பங்கு தந்துள்ளன. நாத்தனார்கள் இருவருக்கும் இந்த நிலத்தில் உரிமை உண்டு. மாமனார் பட்டாவை மகனுக்கோ மருமகளுக்கோ எழுதித்தரத் தயங்குவதற்கு அதுவே காரணம். “பொண்ணுங்க கையெழுத்து இல்லாம நான் எதுவும் செய்ய மாட்டேன்” என்று அவர் சொல்வது நியாயம். ஒரு பெண்ணின் உழைப்புக்கு அங்கீகாரம் தேடும்போது இன்னொரு பெண்ணின் பங்கை விழுங்கிவிடக் கூடாது. உடைமையை அதன் வழியில் தீர்த்துக்கொள்ள விட்டு, சாகுபடி செய்பவரைத் தனியாகப் பதிவு செய்வதே இங்கே தக்க வழி.

அடுத்த பருவத்தில்

மாற்றம் வந்த வழி எதிர்பாராதது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 முதல் மாதம் 1,000 ரூபாயாகக் குடும்பத் தலைவியரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஒரு குடும்ப அட்டைக்கு ஒருவர் என்பதால் இந்த வீட்டில் அது மாமியாருக்கு வருகிறது. கீரை சுருங்கியதில் மருமகளைப் போலவே வருத்தப்பட்டவர் அவர். கூடைக்கார அம்மாக்களில் பாதிப் பேர் அவருடைய சிறுவயதுத் தோழிகள். அவர் சேர்த்து வைத்திருந்த தொகையோடு மருமகள் குழுவிலிருந்து சிறு உள்கடன் ஒன்றை எடுத்தார். இருவரும் செங்குன்றத்துக்குப் போய், மழைபோல் நீர் தெளிக்கும் ரெயின் பைப் வாங்கி வந்து, அடைத்துக் கிடந்த வால் பகுதியில் போட்டுக் கீரை விதைத்தார்கள். கணவரிடம் சொன்னது வாங்கிய பிறகு. அந்த வீட்டில் பெண்கள் மட்டும் தொடங்கி முடித்த முதல் கருவி முடிவு அதுவாகத்தான் இருக்க வேண்டும். கீரை இப்போது 20 சென்ட் அளவுக்குத் திரும்பியிருக்கிறது.

மற்றவை பேச்சில் தீர்ந்தன. பல எண்களைப் பதியும் வசதி செல்போன் ஸ்டார்ட்டரில் முதலிலிருந்தே இருந்திருக்கிறது; மனைவி கேட்டதும் கணவர் அன்று மாலையே அவர் எண்ணைச் சேர்த்தார். கேட்பதற்கு அவ்வளவு காலம் ஏன் ஆயிற்று என்ற வினாவுக்கு மருமகள் சொன்ன பதில், அப்படிச் சேர்க்க முடியும் என்பதே தமக்குத் தெரியாது என்பது. கையேடு பெட்டியோடு கணவரின் அலமாரியில் இருந்தது. வடிகட்டி கழுவும் முறையைப் பக்கத்து வயலில் வந்திருந்த வேறொரு பணியாளரிடம் அவரே போய்க் கேட்டுக் கற்றுக்கொண்டார். அமிலச் சுத்திகரிப்பை மட்டும் கணவர் விடுமுறை நாளில் செய்கிறார்.

படிவத்தில் என்ன மாற வேண்டும் என்பதை இந்த வீடு தெளிவாகக் காட்டுகிறது. விண்ணப்பத்தில் நில உரிமையாளருக்குக் கீழே, கருவியை இயக்குபவர் என்று ஒரு பெயரும் கைபேசி எண்ணும் கட்டாயமாக இருக்க வேண்டும். கள அளவை அவர் இருக்கும்போதுதான் நடக்க வேண்டும். அவர் வயலில் இருக்கும் நாட்கள் பெரும்பாலும் வேலை நாட்களே என்பதால் ஞாயிற்றுக்கிழமை வசதி தேவையும் இல்லை. எந்தப் பாத்தியில் எந்தப் பயிர் தொடர வேண்டும் என்பதை அவரிடம் கேட்டு வரைபடத்தில் குறிக்க வேண்டும். பயிற்சிக் கையொப்பம் அவருடையதாக இருந்தாலன்றி நிறுவனத்துக்கு இறுதித் தொகை விடுவிக்கப்படக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைக்கு மட்டுமாவது அதிகாரிகள் செவிசாய்க்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்பேன், ஏனெனில் பணம் நிற்கும் இடத்தில்தான் பயிற்சியும் நடக்கும்.

இவை எவையும் தீர்க்காத ஒன்று உண்டு. களை குறைந்தது மருமகளுக்கு நிம்மதி. அந்த வயலில் களையெடுக்க வந்துகொண்டிருந்த நிலமற்ற பெண்களுக்குக் கூலி நாள் இழப்பு. அவர்களுள் இருவர் அவருடைய குழுவிலேயே இருக்கிறார்கள், அவர்களும் மாதந்தோறும் தவணை கட்ட வேண்டியவர்கள். இவர்களுக்கு அமிலச் சுத்திகரிப்பிலும் வடிகட்டிப் பராமரிப்பிலும் பயிற்சியும் பாதுகாப்புக் கையுறையும் கொடுத்து, சுற்று வட்டாரத்தில் குழாய் போட்ட வயல்களுக்கு முறைவைத்து அனுப்பினால், குழாயும் பிழைக்கும், கூலியும் ஓரளவு திரும்பும் என்று குழுக் கூட்டத்தில் மருமகள் முன்மொழிந்தார். முதலில் எழுந்த கேள்வி ஏக்கருக்கு எவ்வளவு, அதை யார் தருவது என்பதுதான். டிராக்டருக்கும் நடவு இயந்திரத்துக்கும் வேளாண்மைப் பொறியியல் துறை வாடகை நிர்ணயிப்பதுபோல் இந்தப் பராமரிப்புக்கும் ஒரு கட்டணத்தை நிர்ணயித்து, மானியத்தின் ஒரு பகுதியாகவே முதல் இரண்டு ஆண்டுகளுக்கு வழங்கக் கோரி, குழுவின் பெயரில் ஒரு மனு எழுதப்பட்டு வருகிறது.